எதிர்வீட்டுப் பாதங்கள்

நீலாயதாட்சி அம்மாள் நாச்சிமுத்துவின் வீட்டுக்குக் கணுக்கால் வரைதான் வருவார். எதிர்வீட்டுத் திருமூர்த்தியின் வீட்டுக்குப் பாதத்தோடு வருவார்.

இரண்டு வீட்டிலும் இருந்தது அம்மாள் பாடிய அதே ஒரு கச்சேரி ரெக்கார்டுதான். மாலை ஆறு மணிக்கு இரண்டு பேரும் முள்ளை வைப்பார்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டிருக்கும். தம்புரா கேட்க ஆரம்பித்ததும் அம்மாள் வந்து அந்த நாற்காலியில் உட்காருவார். பாட்டு செட்டு எவ்வளவு நல்ல செட்டோ அவ்வளவு வருவார். மேல்மாடியில் ரிட்டயர்டு தாசில்தார் வீட்டில் மூக்குத்தி மட்டும் வந்து அந்தரத்தில் நிற்கும். தாசில்தாருக்கு அதுவே போதும். பக்கத்தில் ஒரு தட்டில் உதிரிப் பூ வைத்திருந்தார்.

கச்சேரியில் தரையில் சம்மணம் போட்டுப் பாடியவர்தான் அம்மாள். ஆனால் வீடுகளுக்கு வரும்போது நாற்காலிதான் வேண்டும். நாச்சிமுத்து ஒருமுறை ஜமுக்காளம் விரித்துப் பார்த்தார். அன்று தம்புரா மட்டும் வந்து சுவரில் சாய்ந்துகொண்டது.

கணுக்காலுக்கு மேலே ஒரு குறையும் சொல்ல முடியாது. அரக்குப் பட்டுப் புடவை இருந்தது, தோடு இருந்தது, தொடையைத் தட்டித் தாளம் போடும் வலது கை இருந்தது. வேறு யாராக இருந்தாலும் சாய்ந்து உட்கார்ந்து பாட்டைக் கேட்டிருப்பார்கள். நாச்சிமுத்து பாதம் இல்லாத இடத்தையே முறைத்துக்கொண்டிருப்பார். பம்ப்செட் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருக்கிறவர். இருக்கிற சாமானை விட இல்லாத சாமான்தான் அவர் கண்ணுக்கு முதலில் படும்.

திருமூர்த்திக்கு முப்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. டைல்ஸ் கடையில் வேலை. எதையும் ஒளிக்கத் தெரியாதவன். செட்டைப் பற்றி எது கேட்டாலும் சொல்லிவிடுவான். நாச்சிமுத்துவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. ஒளித்து வைத்தானென்றால் திருட்டுப் பயல் என்று திட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

"பெருசா ஒண்ணும் செலவு பண்ணலீங்ண்ணா. வயர் முனையக் கழட்டிப் புளி போட்டுத் தேச்சேன். அன்னிக்கே சுண்டுவெரல் வந்துருச்சுங்."

"புளியா?"

"ஆமாங். வெளக்குத் தேக்கற புளிதானுங்."

"பழைய புளியா, புதுப் புளியா?"

திருமூர்த்தி யோசித்தான். "எங்கம்மா குடுத்துவுட்ட புளிங்ண்ணா."

நாச்சிமுத்துவுக்கு வயிறு எரிந்தது. அந்தக் கட்டடத்தில் யாருக்கு வயிறு எரிந்தாலும் புகை வெளியே வந்துவிடும். சட்டைப் பொத்தான்களுக்கு நடுவிலிருந்து மெல்லிசாகக் கிளம்பியது. திருமூர்த்தி மரியாதைக்கு வேறு பக்கம் பார்த்தான்.

இத்தனைக்கும் விஷயம் பாதத்தோடு நின்றிருந்தால் நாச்சிமுத்து எப்படியாவது தாங்கியிருப்பார். மல்லீஸ்வரி எதிர்வீட்டுக்குப் போக ஆரம்பித்ததுதான் தாங்கவில்லை.

மல்லீஸ்வரி அவர் மனைவி. வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். ஆறு மணிக்கு மேல் வீட்டில் தையல் மிஷின் ஓடக்கூடாது, ஃபேன் சுற்றக்கூடாது, ஃப்ரிஜ் உறுமக்கூடாது, வளையலைத் துணியில் சுற்றிக்கொள்ள வேண்டும். எல்லாம் நாச்சிமுத்து போட்ட சட்டம். அவள் ஒன்றும் சொன்னதில்லை. கேட்கிறவருக்கென்று போட்டிருந்த இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்து, கையால் ஹெம்மிங் பண்ணிக்கொண்டே பாட்டைக் கேட்பாள். நாச்சிமுத்து உட்காருவதில்லை. ஸ்பீக்கருக்குப் பின்னால் அவருக்கு எப்போதும் வேலை இருந்தது.

ஒருநாள் பணியாரச் சட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனவள் ஏழு மணிக்குத்தான் வந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"ஏனுங்க, அந்தம்மா கை ஒரு தாளம் போடுது. காலு வேற தாளம் போடுது."

"எந்தக் காலு?"

"எதிர் ஊட்டுக் காலுதானுங்க. கட்டவெரல மட்டும் தூக்கித் தூக்கிப் போடுது. கை சபைக்குப் போடறதாட்டம் இருக்குது. காலு அதுக்காகப் போட்டுக்கறதாட்டம் இருக்குது. பாத்துட்டே இருக்கலாம் போங்க."

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாள் ஹெம்மிங் துணியை எடுத்துக்கொண்டு போனாள். வேறு புருஷனாக இருந்தால் வேறு மாதிரி சந்தேகப்பட்டிருப்பான். நாச்சிமுத்துவுக்கு அந்த நினைப்பே வரவில்லை. திருமூர்த்தி அவளை அக்கா என்று கூப்பிட்டான், உட்கார நாற்காலி போட்டுவிட்டு அவன் கீழே உட்கார்ந்துகொண்டான். நாச்சிமுத்துவுக்குச் சந்தேகமெல்லாம் அவன் ஸ்பீக்கர் மேல்தான். தன் வீட்டில் காலியாகக் கிடக்கும் அந்த நாற்காலியைப் பார்த்தால் அடிவயிறு பற்றிக்கொண்டு வந்தது. பாதம் வந்துவிட்டால் அவள் திரும்பி வந்து அதில் உட்காருவாள். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இரண்டு வீட்டு வாசலுக்கும் நடுவில் ஒரு நடை இருந்தது. மல்லீஸ்வரிக்கு அது நாலு எட்டு. நாச்சிமுத்துவுக்கு நாளுக்கொரு நீளம். பொறாமை கூடின நாளில் நடையும் கூடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிடப் போனவர் பாதி வழியில் களைத்து உட்கார்ந்துவிட்டார். அந்த இடத்தில் ஒருவர் வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டிருந்தார். வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

புளியைத் தேய்த்துவிடுவது என்று முடிவு செய்தார். ஆம்ப்ளிபையரை அணைத்துவிட்டு, இரண்டு ஸ்பீக்கரின் பின்னாலும் வயரைக் கழற்றினார். செம்பு முனைகளைப் புளி போட்டு அழுத்தித் தேய்த்தார். கழுவித் துடைத்துக் காயவைத்தார். தங்கமாய் மின்னியது. திரும்ப மாட்டி முறுக்கினார். ஆறு மணிக்கு முள்ளை வைத்தார்.

அம்மாள் இடுப்போடு வந்தார்.

நாற்காலிக்கு மேலே அரக்குப் புடவை முடிகிற இடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. கீழே வெறும் நாற்காலிக் கால்கள்தான் தெரிந்தன. குரல் நாற்காலியிலிருந்து வரவில்லை. இடப்பக்கச் சுவரிலிருந்து கொஞ்சம், அலமாரியிலிருந்து கொஞ்சம், சமையலறைப் பக்கமிருந்து கொஞ்சம் என்று வந்தது. அம்மாள் தன் குரல் எங்கே போகிறது என்று தலையைத் திருப்பித் திருப்பித் தேடிக்கொண்டே பாடினார்.

நாச்சிமுத்து கைகட்டி நின்று பார்த்தார். பரந்து விரிந்து கேட்கிறது என்று தீர்மானித்தார். இதற்கு முன் இப்படிப் பரவலாகக் கேட்டதில்லை. முன்னேற்றம்தான். கால் போனது வேறு விஷயம். அதற்கு வேறு வைத்தியம் பார்க்க வேண்டும்.

மல்லீஸ்வரியை ஒரு நாள் மட்டும் கெஞ்சி உட்கார வைத்தார். செட்டு வைத்திருக்கிறவர்களின் வீட்டில் மனைவிக்கு ஒரு கடமை உண்டு. சுவரைப் பார்த்து உட்கார்ந்து, முதலில் கேட்டது நல்லதா, அப்புறம் கேட்டது நல்லதா என்று சொல்ல வேண்டும்.

"மொதல்லயா, இப்பவா?"

"மொதல்ல."

"இப்ப?"

"மொதல்ல."

"நான் இன்னும் ஒண்ணும் மாத்தவே இல்ல புள்ள."

"அப்பவும் மொதல்லதானுங்க நல்லா இருந்துது. போன மாசம் மொதல்ல." அவள் திரும்பி நாற்காலியைப் பார்த்தாள். "முந்தி முழங்காலாச்சும் இருந்துதல்லங்க. பாவமுங்க அந்தம்மா. நான் எதிர் ஊட்டுக்குப் போறேன்."

போய்விட்டாள். அன்று வந்த புகைக்கு மேல்மாடித் தாசில்தார் இறங்கி வந்து, "சாம்பிராணியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நாச்சிமுத்து கையில் அகப்பட்டதையெல்லாம் செய்தார். செலவில்லாத வைத்தியங்கள்தான். குக்கர் மூடியின் ரப்பரைக் கழற்றி ரெக்கார்டு பிளேயருக்கு அடியில் போட்டார். அம்மாளின் கைக்கு வளையல் வந்தது. ஸ்பீக்கரின் மூலைக்கு ஒன்றாகப் பழைய காலணாக்களை முட்டுக்கொடுத்தார். அம்மாளின் நெற்றியில் வியர்வை வந்தது. வயர் தரையில் படக்கூடாது என்று டீ டம்ளர்களைக் கவிழ்த்து அதன்மேல் வயரை நடத்திக்கொண்டு போனார். கழுத்துச் சங்கிலியில் ஒரு கண்ணி நெளிந்திருந்தது தெரிந்தது. கிரானைட் கடையில் வீணாய்ப் போன துண்டு ஒன்றைக் கெஞ்சி வாங்கி வந்து ஆம்ப்ளிபையருக்கு அடியில் கொடுத்தார். அம்மாள் மதியம் என்ன சாப்பிட்டார் என்பதுகூடத் தெரிய ஆரம்பித்தது. வத்தக்குழம்பு.

கால் மட்டும் வரவில்லை.

வீட்டில் குக்கர் விசில் விடுவது நின்றுபோனது. டீயை மல்லீஸ்வரி சொம்பில் குடித்தாள். எதிர்வீட்டுக்குக் கொஞ்சம் சீக்கிரமாகப் போனாள்.

கடைசியில் திருமூர்த்தியே வந்து சொன்னான். வாசலில் நின்றபடி, புகையைக் கையால் விலக்கிக்கொண்டு சொன்னான். "மௌனம் வெச்சுப் பாத்தீங்களாண்ணா? காந்திபுரத்துக்குப் பின்னால ஒரு கடையில சல்லிசாக் கெடைக்குதுங். நான் ஒரு பொட்டலம்தான் வாங்குனேன்."

கடை ஒரு சந்துக்குள் இருந்தது. கடைக்காரர் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்து கோழியிறகால் காது குடைந்துகொண்டிருந்தார்.

"மௌனம் வேணுமுங்."

"எந்த ஊரு?"

"எதுங்க நல்லது?"

"வால்பாறை இருக்குது. ஆனா ஈரம். பாட்டுக்கு ஆகாது. பல்லடம் இருக்குது. தறி ஓடாத நாளாப் பாத்து எடுத்தது. அத்தனை லேசுல கெடைக்காது."

"சல்லிசா ஏதாச்சுமுங்…"

"சல்லிசுன்னா பள்ளிக்கூடம். லீவுல அள்ளுனது. சாக்பீஸ் தூளு கெடக்கும். சலிச்சுக்கோணும்."

"இத வெச்சா பாதம் வருமுங்களா?"

கடைக்காரர் இறகை எடுத்து அதன் நுனியைப் பார்த்தார். "என்ன வருமுன்னெல்லாம் நான் சொல்லக் கூடாது. வர்றத வேண்டாங்காம இருக்கோணும்."

கால் கிலோ வாங்கினார். பழைய பேப்பரில் பொட்டலம் கட்டிச் சணலால் சுற்றிக் கொடுத்தார்கள். டவுன் பஸ்ஸில் வரும்போது பொட்டலத்தின் ஒரு மூலை கிழிந்துவிட்டது. கண்டக்டர் விசிலை ஊதினார். சத்தம் வரவில்லை. இறங்க வேண்டியவர்கள் வாயைத் திறந்தார்கள். அதுவும் வரவில்லை. பஸ் எங்கேயும் நிற்காமல் அன்னூர் வரைக்கும் போய்விட்டது. அங்கே டிரைவர் தானாகவே டீ குடிக்க நிறுத்தினார். நாச்சிமுத்து மிச்சத்தை மடியில் கட்டிக்கொண்டு வேறு பஸ் பிடித்துத் திரும்பினார்.

சலித்து, இரண்டு பங்காகப் பிரித்து, இரண்டு ஸ்பீக்கருக்கு அடியிலும் பரப்பினார். முள்ளை வைத்தார். அம்மாள் இடுப்போடு வந்தார். கூடவே மூலையில் ஒரு ஆள் வந்தார்.

வேட்டி, முழுக்கைச் சட்டை, மடித்துப் போட்ட துண்டு. ஐம்பது வயதிருக்கும். இரண்டாவது சரணம் வந்ததும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு இருமல் இருமினார். பிறகு நாச்சிமுத்துவைப் பார்த்துக் கும்பிட்டார்.

"நீங்க யாருங்க?" என்றார் நாச்சிமுத்து.

"ரெண்டாவது சரணத்துல இருமறது நாந்தானுங்."

"அது நீங்கதானா?"

"ஆமாங். கச்சேரி கேக்க உடுமலையில இருந்து வந்தேனுங். மிச்சர் தொண்டையில சிக்கிக்கிச்சு. எத்தனை அடக்கியும் முடியல. அதையும் சேத்துப் பிடிச்சுப்போட்டாங்க."

நாச்சிமுத்து மெதுவாகக் கீழே பார்த்தார். உடுமலைக்காரருக்கு இரண்டு காலும் இருந்தன. பாதம் இருந்தது. பாதத்தில் செருப்பு இருந்தது. செருப்பில் புது வார் தைத்திருந்தது.

அன்று நாச்சிமுத்துவின் சட்டையில் இரண்டு பொத்தான் உருகிப்போனது.

ரெக்கார்டு முடிந்ததும் அம்மாள் வழக்கம்போல் மறைந்துபோனார். உடுமலைக்காரர் போகவில்லை. கடைசி பஸ் போய்விட்டது என்றார். மல்லீஸ்வரி எதிர்வீட்டிலிருந்து திரும்பி வந்து, மூலையில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, ஊரிலிருந்து விருந்துக்கு வந்த ஒறம்பரை என்று நினைத்துத் தோசை வார்த்துக் கொடுத்தாள். அவர் ஆறு தோசை சாப்பிட்டார். மறுநாளும் இருந்தார். கடைசி பஸ் அன்றைக்கும் போயிருந்தது.

"எதிர் ஊட்டுக்குப் போகலீங்களா? அங்கயும் இந்த ரெக்கார்டுதானே ஓடுது" என்று நாச்சிமுத்து கேட்டுப் பார்த்தார்.

"அங்க நான் வெறும் இருமலுங். தம்மாத்தூண்டு இருமல். இங்கதான் முழுசா இருக்கறேன்." உடுமலைக்காரர் ஸ்பீக்கரைப் பாசத்தோடு தடவினார். "நல்ல செட்டுங்க உங்களது. எவனாச்சும் குத்தம் சொன்னான்னா நம்பாதீங்க."

செட்டைப் பாராட்டின ஒரே மனுஷன் அவர்தான். நாச்சிமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த வாரக் கடைசியில் மல்லீஸ்வரி தையல் மிஷினுக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஏனுங்க, மிஷின அங்க கொண்டு போயிக்கறேன். திருமூர்த்தித் தம்பி சரின்னுருச்சு. ஆறு மணிக்கு நிறுத்த வேண்டியதில்ல. அந்தக் கால் போடற தாளத்துக்கே மிதிச்சுட்டுப் போறேன். தெச்சது நேராவும் வருது."

"அப்ப இங்க?"

"சோறாக்க வர்றேன்."

நாச்சிமுத்து மிஷினைப் பார்த்தார். மிஷின் இந்த வீட்டுக்கு வந்தது அவர்கள் கல்யாணம் ஆன வருஷம். அது இருந்த மூலையில் நாலு குழி விழுந்திருந்தது. மிஷினோடு அவளும் போகிறாள் என்று அவருக்குப் புரிந்தது. யாரிடம் போகிறாள் என்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை. இரண்டு பாதத்திடம் போகிறாள்.

உடுமலைக்காரர் ஒரு பக்கமும் மல்லீஸ்வரி ஒரு பக்கமுமாக மிஷினைத் தூக்கினார்கள். நடையில் பாதி வழி போனதும் கை வலிக்கிறது என்று கீழே வைத்துவிட்டு வந்தார்கள். மல்லீஸ்வரி விளக்குமாற்றை எடுத்து மிஷின் இருந்த இடத்தைக் கூட்டினாள். அப்படியே ஸ்பீக்கருக்குப் பின்னாலும் கூட்டினாள். குனிந்தபடி சாதாரணமாகக் கேட்டாள்.

"இந்தப் பக்கம் செவப்பு வயரு மேல இருக்குது, கருப்பு கீழ இருக்குது. அந்தப் பக்கத்து ஸ்பீக்கர்ல கருப்பு மேல, செவப்பு கீழ. அது அப்புடித்தான் இருக்கோணுமுங்களா?"

நாச்சிமுத்துவுக்குக் காது அடைத்தது.

"எப்பப் பாத்தே?"

"தெனமும் கூட்டறேனல்லங்க. நீங்க புளி தேச்ச நாள்ல இருந்து அப்புடித்தான் இருக்குது."

"சொல்றதுக்கென்ன?"

"என்ற சாமானத் தொடாத, அதப்பத்திப் பேசாதன்னு சொன்னீங்க. தெரிஞ்சுதான் செஞ்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

ஒரு பக்கத்து வயர் மாறிப்போனதால், ஒரு ஸ்பீக்கர் மூச்சை வெளியே விடும்போது மற்றது உள்ளே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. நடுவில் உட்கார வேண்டிய அம்மாளை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக் காலைக் கரைத்துவிட்டார்கள். ஓரத்தில் இருந்த இருமல்காரர் மட்டும் தப்பித்துக் கொழுத்துவிட்டார். செட்டு வாங்குகிற எவனும் முதல் நாளே பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். நாச்சிமுத்து அதைப் பார்க்காமல் பள்ளிக்கூடத்து மௌனம் வரைக்கும் போயிருந்தார்.

அவர் மண்டியிட்டு வயரை மாற்றிப் போட்டார். ஆறு அடிக்கக் காத்திருக்கவில்லை. முள்ளை வைத்தார்.

முதலில் உடுமலைக்காரர் மெலிந்தார். துண்டு தொங்கிப்போனது. "பரவால்லீங், கடைசி பஸ்ஸு வந்துருச்சாட்டம் இருக்குது," என்று சொல்லிக்கொண்டே வெறும் இருமல் அளவுக்கு ஒடுங்கி, தன் இடத்துக்குப் போய்விட்டார்.

பிறகு அம்மாள் வந்தார். இடுப்பு, தொடை, முழங்கால், கணுக்கால். கணுக்காலில் நிற்கவில்லை. குக்கர் ரப்பரும் காலணாவும் டம்ளரும் கிரானைட்டும் மௌனமும் இத்தனை நாளாகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் ஒரேயடியாகச் சேர்ந்துகொண்டது. பாதம் வந்தது. மஞ்சள் பூசின பாதம். குதிகாலில் பித்தவெடிப்பு. இரண்டாவது விரலில் மெட்டி. நகத்தோரத்தில் மேடையேறும்போது ஒட்டிய மண். வலது கட்டைவிரல் எழுந்து, கைக்குச் சம்பந்தமில்லாத ஒரு தாளத்தைத் தட்டத் தொடங்கியது.

"மல்லீ!" என்று கத்தினார் நாச்சிமுத்து.

மல்லீஸ்வரி வந்தாள். பார்த்தாள். விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, கேட்கிறவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். இத்தனை வாரமும் காலியாகக் கிடந்த நாற்காலி. அவள் மடியில் கை தானாகத் தாளம் போட்டது. நாச்சிமுத்துவுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. அந்த நிமிஷம் அவர் போய் அவள் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கலாம். அவர் நேரே எதிர்வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார். நடை அன்று நாலே எட்டு. மிஷினைக்கூடத் தாண்டிக் குதித்துப் போனார்.

"ஏப்பா திருமூர்த்தி, சித்தெ வந்து பாரு."

திருமூர்த்தி வந்தான். வாசலில் நின்று பார்த்தான். நாச்சிமுத்து அம்மாளைப் பார்க்கவில்லை. திருமூர்த்தியின் சட்டையைப் பார்த்தார். ஒரு பொட்டுப் புகை போதும். அதற்காக இத்தனை நாள் பட்ட பாடு.

"அண்ணா! பிரமாதமுங்ண்ணா! நகத்துல மண்ணு தெரியுது பாருங்! என்ற ஊட்ல இந்த அளவுக்கு வராதுங்ண்ணா!" என்றான் திருமூர்த்தி. அவன் கண்ணில் தண்ணீர் தளும்பியது. சட்டை சலவைக்கடையிலிருந்து வந்த மாதிரி இருந்தது. நாச்சிமுத்து குனிந்து பொத்தான்களின் இடைவெளியில்கூடப் பார்த்தார். ஒன்றுமில்லை. அந்தப் பயலுக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

இதற்கு நாச்சிமுத்து தயாராக இல்லை. பாதம் வந்த சந்தோஷம் அப்படியே வடிந்துவிட்டது.

"குத்தம் ஏதாச்சும் இருந்தாச் சொல்லு."

"குத்தமெல்லாம் ஒண்ணுமில்லீங்."

"யோசிச்சுப் பாரு."

திருமூர்த்தி பெரியவர் கேட்கிறாரே என்பதற்காகக் காதைச் சாய்த்து யோசித்தான். "மெட்டிச் சத்தம் மட்டும் கேக்கலீங்ண்ணா. என்ற ஊட்ல லேசாக் கேக்கும். அது ஒண்ணும் பெரிய விஷயமில்லீங்." சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போனான். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்திருந்தானாம்.

நாச்சிமுத்து ஸ்பீக்கருக்குப் பின்னால் போனார்.

"வந்து ஒக்காருங்க," என்றாள் மல்லீஸ்வரி. "பாட்டு முடியப் போவுது."

"ரெண்டே நிமிஷம்."

"அப்புறம் பாத்துக்கலாமுங்க."

"இரு புள்ள. ஸ்க்ரூ ஒண்ணு லூசா இருக்குது."

அம்மாள் பாடுவதை நிறுத்தினார். ரெக்கார்டு பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. தம்புரா மட்டும் தொடர்ந்தது. அவர் மல்லீஸ்வரியை நெடுநாள் பழகினவரைப் போலப் பார்த்தார்.

"யாரும்மா அது, பின்னாலே?"

"எங்க ஊட்டுக்காரருங்க."

"இங்கேயா இருக்கார்? தினமும் வரேன். ஒருநாள்கூடப் பார்த்ததில்லையே."

"ஸ்பீக்கருக்குப் பின்னால இருப்பாருங்க."

"பாட்டுக் கேட்க மாட்டாரா?"

மல்லீஸ்வரி கொஞ்சம் யோசித்தாள். கோபமாக யோசிக்கவில்லை. தைத்த ஜாக்கெட்டை அளவு பார்ப்பதுபோல யோசித்தாள். "பாட்டுக் கேக்க மாட்டாருங்க. சத்தம் கேப்பாரு."

"ஓ," என்றார் அம்மாள். தன் பாதத்தைக் குனிந்து பார்த்தார். விரல்களை மடக்கி நீட்டினார். "இந்த வீட்டில் எனக்குக் கால் வந்தது இன்றைக்குத்தான். கொஞ்சம் நடந்தால் தேவலை போலிருக்கு."

"வாங்க, எதிர் ஊட்ல போயி ஒக்காரலாம். பால் காச்சறாங்க. நடையில என்ற மிஷின் இருக்குது, ஒரு கை பிடிச்சீங்கன்னா ஆச்சு."

நாச்சிமுத்து அப்போது ஸ்க்ரூவை முறுக்கி முடித்திருந்தார். உடனே கேட்டது. மெட்டிச் சத்தம். மொசைக் தரையில் வெள்ளி தட்டுகிற சத்தம், தனியாக, சுத்தமாக, ஒரு தூசி இல்லாமல். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பட்டுப் புடவை உரசுவது கேட்டது. அதற்குப் பக்கத்தில் நூல் புடவை உரசுவது கேட்டது. வெறும் குதிகால் ஒன்று, ரப்பர் செருப்பு ஒன்று. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல முடிந்தது. ரப்பர் செருப்பு வாசற்படியில் ஒரு கணம் நின்றது. திரும்பிப் பார்க்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. இவ்வளவு துல்லியமாக அவர் தன் மனைவியை ஒருநாளும் கேட்டதில்லை.

போகிறாள். மல்லீ என்று கூப்பிட வாயைத் திறந்தார். கூப்பிட்டால் சத்தம் கெட்டுவிடும். வாயை மூடிக்கொண்டார்.

மிஷினைத் தூக்கினார்கள். நடந்தார்கள். அம்மாள் ஏதோ சொல்ல, மல்லீஸ்வரி சிரித்தாள். அந்தச் சிரிப்பின் அடிப்பகுதி வரைக்கும் கேட்டது. பிறகு எதிர்வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும் சத்தம் வந்தது. இடப்பக்கம் ஒதுங்கவில்லை, வலப்பக்கம் ஒதுங்கவில்லை. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், இம்மி பிசகாமல், நட்டநடுவில் கேட்டது.